முட்டி தரையைத் தொட்ட பெண்கள்

யாம்போல்
பிப்ரவரி 8

பிலி,

டாக்டர் பெல்செவ் என் இடுப்பைக் கெடுத்தார். மார்ச் ஐந்தாம் தேதி உன் இடுப்பையும் கெடுக்கப் போகிறார்.

கடிதத்தை மடக்கிவிடாதே. புத்தாண்டுக்குப் பிறகு நாம் பேசவில்லை என்பது எனக்கும் நினைவிருக்கிறது. பனித்சா அப்பத்தைப் பிட்டதும் எனக்கு வந்த சீட்டில் 'ஆரோக்கியம்' என்று எழுதியிருந்தது. எல்லோரும் சிரித்தோம். நான் உன் ஆபரேஷனைப் பற்றி வாயைத் திறந்தேன். நீ அம்மா முன்னால், "நீ நொண்டினா நானும் நொண்டணுமா?" என்று கேட்டாய். சரி, கேட்டுவிட்டாய். நான் இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது அதை விடு.

போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போன்கள் எல்லாம் டொன்கா மேடத்தின் இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேச விடுகிறாள், அதுவும் பயிற்சியாளர் என்ற உரிமையில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு. அதனால் உங்கள் முகாம் சமையலறை ஸ்தான்கா அத்தையின் பெயருக்கு அனுப்புகிறேன். அவளுக்கு டொன்கா மேடத்தைப் பிடிக்காது. நமக்கு அது போதும்.

நடந்தது இதுதான். விளையாட்டுப் பள்ளியில் என் வேலையைப் புதுப்பிக்க உடல்தகுதிச் சான்று கேட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக் கொடுக்கிற நொண்டி டீச்சருக்கு ஒவ்வொரு வருடமும் இந்தச் சான்று வேண்டும். திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுக்கப் போனேன். எடுத்த ஆள் படத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரும்மா இதுல கை வச்சது?"

"பெல்செவ். சோபியாவுல. இடுப்பு மூட்டு விளிம்புல இருக்கிற குருத்தெலும்பு கிழிஞ்சிருந்தது. கீஹோல் ஆபரேஷன். மூணே மூணு துளை."

"துளை கிடக்கட்டும். இடுப்புக் கிண்ணம் இப்படி ஆழமே இல்லாம மட்டமா இருக்கிறதை ஒருத்தருமே பார்க்கலையா? இது கிண்ணமே இல்ல, டீ சாஸர்."

பிலி, ஐந்து வருடம்! ஐந்து வருடமாக நான் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் முடிந்து பத்து வாரம் எல்லாம் அழகாகப் போனது, உனக்கு நினைவிருக்கும், கூடத்தில் நாம் இரண்டு பேரும் ஆடினோம். பதினோராவது வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கினேன், உள்ளே ஏதோ இடம் மாறியது. சத்தம் எனக்கே கேட்டது. பெல்செவ் என்ன சொன்னார்? "நான் சொன்ன பயிற்சியை நீ ஒழுங்காப் பண்ணலம்மா." நான் நம்பினேன். அம்மா நம்பினாள். நீயும் நம்பினாய், மறுக்காதே.

உன் எக்ஸ்ரே படமும், ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த என் பழைய படமும் அம்மாவின் அலமாரியில் இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை பிளவ்திவுக்குப் போகிறேன். அங்கே இடுப்பை மட்டுமே பார்க்கிற டாக்டர் ஒருத்தி இருக்கிறாளாம்.

அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

ராடா


முகாம்
பிப்ரவரி 13

அக்கா,

நீ திருடி. யாரைக் கேட்டு என் படத்தை எடுத்தாய்? நாளைக்கு டாக்டர் கேட்டால் என்ன சொல்வேன், எங்கள் அக்கா பஸ்ஸில் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாள் என்றா?

நான் அணியின் முதல் ஐந்தில் வந்துவிட்டேன்! அம்மா சொல்லியிருப்பாள். ஆனால் எப்படி என்று சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்குத் தெரியாது. வளையத்தை முதுகுக்குப் பின்னாலிருந்து எறிகிறேன், இரண்டு உருளல் உருள்கிறேன், கண்ணால் பார்க்காமல் காலால் பிடிக்கிறேன். திங்கட்கிழமை தொடர்ந்து பதினோரு முறை பிடித்தேன். டொன்கா மேடம் இசையை நிறுத்திவிட்டு, "பாருங்கடி கழுதைங்களா, இதுக்குப் பேருதான் கால்" என்றாள். ஐந்து பேரும் ஒரே மூச்சில் ஆடும்போது எப்படி இருக்கும் தெரியுமா? உனக்குத் தெரியாது. நீ ஆறாவது ஆளாகவே இருந்தாய்.

இதை எழுதியிருக்கக் கூடாது. கோடு போட்டு அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். நீ எழுதுவதற்கெல்லாம் உள்ளே இதுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

டாக்டர் பெல்செவ் போன வாரம் இங்கே வந்தார். "மூணு துளை. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி. நாலு மாசத்துல நீ கம்பளத்துல. செப்டம்பர்ல உலகப் போட்டி. வேற என்ன வேணும் உனக்கு?" என்றார். எனக்கு வேறு என்ன வேண்டும்? எங்கள் அறை கிரெமெனாவுக்கும் அவர்தான் செய்தார். அவள் மூன்றரை மாதத்தில் திரும்பி வந்து மெடல் வாங்கினாள். திரும்பி வராதது நீ மட்டும்தான்.

வலி இருக்கிறது. எல்லோருக்கும் இருக்கிறது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டால் மதியம் வரை ஓடும். தொடை இடுக்கில் ஒரு கிளிக் வருகிறது, இரண்டு நாற்காலிக்கு நடுவே காலை விரித்து உட்கார்ந்து எழுந்திருக்கும்போது. பஸ்ஸில் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. படி இறங்கும்போது கால் என்னுடையது இல்லை என்பதுபோல ஒரு நொடி. ஒரே நொடிதான்.

உனக்கும் அப்படித்தான் ஆரம்பித்ததா?

பதில் எழுத வேண்டாம். எழுதினால் கொண்டை ஊசி இரண்டு பாக்கெட் வை. தின்பண்டம் அனுப்பாதே, காலையும் மாலையும் எடை பார்க்கிறார்கள்.

பிலியானா


யாம்போல்
பிப்ரவரி 17

பிலி,

நான் ஆறாவது ஆள்தான். ஆமாம். ஊசி மூன்று பாக்கெட் வைத்திருக்கிறேன். இப்போது பொறாமைக்காரி சொல்வதைக் கேள்.

பிளவ்திவ் டாக்டரின் பெயர் ஹகோப்யான். நாற்பது வயது இருக்கும். வாசலில் காசு போட்டால் காபி வரும் மிஷின் இருக்கிறதே, அதில் பிடித்த காகிதக் கோப்பையோடு வந்தாள். நம் இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். பெயர் கேட்கவில்லை. "அக்கா தங்கச்சியா?" என்றாள். முகத்தைப் பார்க்காமல், எலும்பைப் பார்த்துச் சொன்னாள்!

பிறகு பென்சிலால் கோடு போட்டாள். தொடையெலும்பின் மேல் முனையில் இருக்கிற பந்தின் நடுவிலிருந்து நேர் மேலே ஒன்று, அந்தப் பந்து உட்காருகிற கிண்ணத்தின் ஓரத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோணம்தான் எல்லாம்.

"இருபத்தஞ்சு டிகிரிக்கு மேல இருந்தா கிண்ணம் பந்தை நல்லா மூடியிருக்குன்னு அர்த்தம். உங்க தங்கச்சிக்குப் பதினேழு. உங்களுக்கு அப்போ பதினாலு."

"பெல்செவ் இதை அளக்கலையா?"

"எனக்கெப்படித் தெரியும்? இந்தக் கோடு போட ரெண்டு நிமிஷம் ஆகும். அவர் கிழிசலைத் தேடியிருக்கார், கிழிசல் கிடைச்சிருக்கு. பெல்செவ் கை நல்ல கை. ஆழமான கிண்ணத்துல விளிம்பு கிழிஞ்சா நானே அவர்கிட்ட அனுப்புவேன்."

கிரெமெனா ஏன் திரும்பி வந்தாள் என்று புரிகிறதா உனக்கு? அவள் கிண்ணம் ஆழமாக இருந்திருக்கும்.

நான் முட்டாள் மாதிரி, "அப்ப எங்களுக்கு ஏன் கிழிஞ்சது?" என்று கேட்டேன்.

"கிண்ணம் ஆழமா இல்லேன்னா உடம்பு எடையை அந்த விளிம்புக் குருத்து தாங்குது. தாங்கித் தாங்கித் தடிச்சுப்போகுது. ஒருநாள் கிழியுது. கிழிசல் வியாதி இல்லைங்க, புகார். புகார் சொல்றவன் நாக்கை அறுத்துட்டா வீட்டுல திருட்டு நின்னுடுமா?"

இன்னொன்று சொன்னாள். அந்தத் துளை வழியாக உள்ளே போக மூட்டைச் சுற்றியிருக்கிற உறையைத் திறக்க வேண்டும். மட்டமான கிண்ணத்தில் பந்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த உறையும் அந்த விளிம்பும்தான். விளிம்பைச் செதுக்கி, உறையையும் தைக்காமல் விட்டால் பந்து முன்னால் நழுவும். நழுவினால் குருத்து மளமளவென்று தேயும். உறையைத் தைத்தாலும் கிண்ணம் மட்டமாகத்தான் இருக்கும், கிழிசல் திரும்ப வரும்.

"தங்கச்சிக்கு என்ன செய்யணும்?"

"இடுப்பெலும்பை வெட்டி, கிண்ணத்தைத் திருப்பி, பந்து மேல மூடுற மாதிரி வச்சு, திருகாணி போடணும். பெரிய ஆபரேஷன். ரெண்டு மூணு மாசம் ஊன்றுகோல். ஒரு வருஷம் ஆகும் நிதானத்துக்கு வர. அதுக்கும் ஆபத்து உண்டு, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா காலம் பூரா அவ காலு அவளோடது."

"எனக்கு?"

காபியைக் குடித்து முடித்தாள். "உங்களுக்குக் குருத்து மிச்சம் இல்லைங்க. வெட்டித் திருப்புற நேரம் தாண்டிடுச்சு. இனிமே செயற்கை மூட்டுதான். எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ போடுங்க."

இருபத்து நாலு வயதில் இதைக் கேட்டேன். அழவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பிலி! பயிற்சியை நான் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறேன்!

கிளம்பும்போது, "ரெண்டு பேரும் ஜிம்னாஸ்டிக்ஸா? எப்படித் தேர்ந்தெடுக்கறாங்க குழந்தைங்களை?" என்று கேட்டாள். தவளையைச் சொன்னேன். மல்லாக்கப் படுக்க வைத்து, பாதம் இரண்டையும் சேர்த்து, முழங்காலைப் பக்கவாட்டில் விரியவிட்டு, முட்டி தரையைத் தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வீட்டுக்கு. டொன்கா மேடம் நம் இரண்டு பேரையும் அப்படித்தானே பிடித்தாள். சிரித்துக்கொண்டே கேட்ட டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"முட்டி தரையைத் தொடற குழந்தைகளை நானும்தான் தேடறேன், வைத்தியம் பண்ண. உங்க மேடம் மெடல் வாங்கத் தேடறாங்க. எங்களுக்கு முன்னாடி அவங்க கண்டுபிடிச்சிடறாங்க, அதான் வித்தியாசம்."

எல்லா முட்டியும் அப்படி இல்லையாம். சில குழந்தைகள் வெறுமனே வளையும் உடம்பு. ஆனால் வலிக்கிற இடுப்பு, விரிகிற இடுப்பு, இரண்டும் ஒன்றாக இருந்தால் படம் எடுத்துக் கோடு போடாமல் கை வைக்கக் கூடாது.

படம் எடுத்தாயிற்று. கோடு போட்டாயிற்று. பதினேழு. பெல்செவிடம் போகாதே.

ராடா


முகாம்
பிப்ரவரி 21

அக்கா,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். பிறகு மதிய ஓய்வில் எங்கள் அறையில் எட்டு பேரையும் படுக்க வைத்தேன்.

"என்னடி இது, மறுபடியும் அஞ்சு வயசுப் பாப்பாவா நாம?" என்றாள் கிரெமெனா. தவளை போட்டோம். ஒருத்தி மூக்கால் தவளைக் குரல் கொடுக்க, ஸ்தான்கா அத்தை கதவைத் திறந்து பார்த்து, "குளத்துல எடம் இருந்தா எனக்கும் சொல்லுங்கடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

எட்டு பேரில் ஆறு பேருக்கு முட்டி தரையில் ஒட்டிக்கொண்டது. யார் யார் மாத்திரை போடுகிறீர்கள், கை தூக்குங்கள் என்றேன். அந்த ஆறில் நாலு கை. கிரெமெனாவுக்கு முட்டி தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது! அவளைத் தவளையில் கழித்துவிட்டார்களாம், பிறகு குதித்த உயரத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார்களாம். அவளுக்கு விளிம்பு கிழிந்தது கம்பளத்தில் விழுந்ததால்.

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஒருத்தி, "எங்கம்மா சொன்னாங்க, குழந்தையா இருக்கும்போது இடுப்பு சரியில்லன்னு எனக்குக் காலுக்கு வார் போட்டிருந்தாங்களாம். கிளப் பாரத்துல எழுதல, எடுக்க மாட்டாங்கன்னு" என்றாள். நம் அம்மா ஏதாவது எழுதாமல் விட்டாளா? கேள். இல்லை, கேட்காதே.

நீ சொல்வதை நம்புகிறேன். இதை எழுதும்போது எனக்கு உன்மேல் கோபமாக வருகிறது.

ஒரு வருடம் என்று சுலபமாக எழுதிவிட்டாய். எனக்குப் பதினெட்டு. இங்கே பத்தொன்பது என்றால் பாட்டி. வெளியே ஐம்பது பேர் நிற்கிறார்கள். ஒரு வருடம் என்றால் முடிந்தது என்று அர்த்தம், நீ அதை எழுதவில்லை, நான் எழுதுகிறேன். எட்டு மணி நேரம், பதிமூன்று வருடம், ஒரு பிறந்தநாளுக்குக்கூட கேக் தின்னாமல். செப்டம்பர் வரை மட்டும் போதும் எனக்கு. அதற்குப் பிறகு இடுப்பு எப்படிப் போனால் என்ன என்றுகூட நேற்று நினைத்தேன். நூறில் எத்தனை பேருக்கு உன்னைப் போல ஆகிறது? எல்லோருக்குமா? அந்த டாக்டர் அதைச் சொன்னாளா?

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பன்னிரண்டாம் தேதியே. உன் முதல் கடிதம் என் தலையணைக்கு அடியில் இருந்தது.

டாக்டரிடம் ஏதாவது கேட்கலாம் என்றால் எப்படிக் கேட்பது? அவர் கேட்டு நான் பதில் சொல்லித்தான் பழக்கம்.

பிலி


யாம்போல்
பிப்ரவரி 25

பிலி,

நூறில் எத்தனை என்று ஹகோப்யானுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நான் சோசியக்காரி இல்லைங்க. சிலருக்கு ஒண்ணும் ஆகாது. லேசா மட்டமா இருந்து, உறையையும் ஒழுங்காத் தைச்சா சிலர் நல்லாவே இருக்காங்க. உங்க தங்கச்சிக்கு லேசு இல்ல. அவ காலைத் தலைக்கு மேல தூக்கி நிக்கணும், அது வேற. கெட்டுப்போனா திரும்ப வழி கிடையாது, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

கையெழுத்து ஒரு காகிதம். கத்தி வைக்கிற நிமிடம் வரை நீ வேண்டாம் என்று சொல்லலாம். இதையும் அவள்தான் சொன்னாள். நமக்கு இதை யாரும் ஒருநாளும் சொல்லவில்லை, பார்த்தாயா? கால் நீட்டு என்றால் நீட்டுவோம், படு என்றால் படுப்போம், போடு என்றால் போடுவோம். அஞ்சு வயதிலிருந்து நம் உடம்பு டொன்கா மேடத்துக்கு, கூட்டமைப்புக்கு, கொடிக்கு. நமக்கு வலி மட்டும்.

மூன்று கேள்வி. கையில் பேனாவால் எழுதிக்கொள். என் கோணம் எத்தனை? உறையைத் தைப்பீர்களா? இது உங்கள் மகளாக இருந்தால் இதையேதான் செய்வீர்களா?

மூன்றாவது கேள்வியை நானே சேர்த்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். வார் போட்டிருந்தார்களாம், இரண்டு பேருக்கும். நாம் அழுதோமாம், ஐந்தாவது வாரமே கழற்றிவிட்டாளாம். "ஊர் உலகத்துல எல்லாரும் கழட்டத்தான் செஞ்சாங்க, நான் மட்டும் என்ன கொலைகாரியா?" என்று கத்தினாள். பிறகு சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்தாள், ஓட்டை விழுகிற வரை தேய்ப்பாள் போல.

சிவப்பும் வெள்ளையுமாக மார்தெனித்சா கயிறு வைத்திருக்கிறேன், மார்ச் முதல் தேதி கையில் கட்டிக்கொள். ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னால் கழற்றாதே. நானே சோபியாவுக்கு வந்து உன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் பள்ளியில் புதுக் குழந்தைகளைச் சேர்க்கிற தேர்வு, ஐம்பது பேருக்கு மேல் வருகிறார்கள், தலைமைப் பயிற்சியாளன் ஒரு மணி நேரம்கூட விடமாட்டான்.

கேள், பிலி. வாயைத் திறந்து கேள்.

ராடா


பிளவ்திவ்
மார்ச் 6

அக்கா!

கேட்டுவிட்டேன்!

இதை ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் அவர்களுடைய பாரத்தின் பின்பக்கம். போன் இன்னும் டொன்கா மேடத்தின் பெட்டியில்தான், நான் பெட்டிக்காகத் திரும்பிப் போகவில்லை.

நேற்று காலை எட்டு மணி. பச்சை அங்கி, தலையில் பிளாஸ்டிக் தொப்பி, தள்ளுபடுக்கை. இடுப்பில் மையால் அம்புக்குறி போட்டாகிவிட்டது. பெல்செவ் வந்தார், கூடவே டொன்கா மேடம், அவள் கையில் என் அட்டவணை, எந்த வாரம் நடக்கணும், எந்த வாரம் குதிக்கணும் என்று வண்ண வண்ணமாக.

"என்னம்மா, தயாரா?"

உள்ளங்கையைப் பார்த்தேன். மை வேர்வையில் கலைந்திருந்தது. முதல் கேள்வி மட்டும்தான் தெரிந்தது.

"டாக்டர், என் கோணம் எத்தனை?"

"என்ன கோணம்?"

"பந்து நடுவுலேர்ந்து மேல ஒரு கோடு. கிண்ணத்து ஓரத்துக்கு ஒரு கோடு."

சிரித்தார். "யார் சொல்லிக் குடுத்தா உனக்கு இதெல்லாம்?"

"எங்க அக்கா. நீங்க ஆபரேஷன் பண்ணீங்களே, ராடோஸ்தினா."

டொன்கா மேடம், "ஆரம்பிச்சுட்டாளா அவ!" என்றாள். ஆனால் அவர் சிரிப்பு போய்விட்டது. முந்தின நாள் அங்கே புதிதாக எடுத்த படத்தைக் கொண்டுவரச் சொன்னார். நடைபாதையில் விளக்குக்கு அடியில் பிடித்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து கோணம் அளக்கிற அளவுகோலை எடுத்தார். நர்ஸ், மயக்க டாக்டர், தள்ளுகிற ஆள் எல்லோரும் நிற்கிறார்கள். அவர் அளந்தார். மறுபடியும் அளந்தார். அக்கா, அவர் முதல் முறையாக அளக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது! காது சிவந்துபோனது அவருக்கு.

"எல்லைக்கோட்டுல இருக்கு," என்றார்.

"பதினேழு எல்லைக்கோடா?"

"பாரும்மா, உனக்கு நான் உறையைத் தைச்சுடறேன். கெட்டியாத் தைச்சுடறேன். பயப்படாதே."

"அப்ப எங்க அக்காவுக்குத் தைக்கலையா?"

தள்ளுகிற ஆள் தரையைப் பார்த்தான். டொன்கா மேடம்தான் பேசினாள். "பிலியானா, செப்டம்பருக்கு இருபத்தேழு வாரம் இருக்கு. நீ இப்ப படுக்கறியா, இல்ல நான் அடுத்தவளுக்கு ட்ரெஸ் அளவெடுக்கவா?"

மூன்றாவது கேள்வி நினைவுக்கு வந்தது. ஆனால் கேட்கவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, என்னைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது. "எடுத்துக்கோங்க மேடம், அளவு" என்றேன். கீழே இறங்கினேன். முதுகுப் பக்கம் திறந்த அங்கியோடு, ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு, நடைபாதை முழுக்க நடந்தேன்! யாரோ ஒரு கிழவர் கைதட்டினார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

அணி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பிளவ்திவ் பஸ் ஏறினேன். முதல் ஒரு மணி நேரம் எனக்குள் பட்டாசு வெடித்தது. அடுத்த ஒரு மணி நேரம் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்குச் சீஸ் ரொட்டி கொடுத்தாள். முழுதாகத் தின்றேன். இரண்டாவது கேட்டு வாங்கித் தின்றேன்.

ஹகோப்யான் இன்று பார்த்தாள். ஏப்ரல் பத்தாம் தேதி வெட்டித் திருப்புகிறாள். அதற்கு முன்னால் நிறையப் பரிசோதனை, அதனால் இங்கேயே பக்கத்தில் ஒரு விடுதியில் இருக்கிறேன்.

பஸ்ஸில் ஒன்று யோசித்தேன். அந்த வாரம் உங்கள் பள்ளியில் தேர்வு என்று எழுதியிருந்தாயே. தவளை போட்டீர்களா?

பிலி


யாம்போல்
மார்ச் 10

என் தங்கமே, என் பட்டாசே,

அம்மாவுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அங்கி திறந்திருந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு சிரித்தாள், பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "என் பொண்ணு பெல்செவையே அளக்க வச்சுட்டா" என்று தெருவுக்கே தெரியும். இரண்டு நாளாக நான் சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருக்கிறேன். பதினெட்டு வயதில் நீ செய்ததை நான் பத்தொன்பதில் செய்திருந்தால்! சரி, விடு.

என்ன வேண்டும் எழுது. கம்பளிச் சாக்ஸ், லூத்தெனித்சா மிளகாய்த் தொக்கு இரண்டு பாட்டில், உன் தலையணை எல்லாம் அனுப்புகிறேன். இனிமேல் உன்னை யாரும் எடை போட மாட்டார்கள்! ஏப்ரலில் அம்மா வருவாள்.

தேர்வு நடந்தது. வழக்கம் போலத்தான். ஐம்பத்து மூன்று பேர் வந்தார்கள், ஒன்பது பேரை எடுத்திருக்கிறோம். 23ஆம் தேதி சனிக்கிழமை பெற்றோர்கள் வந்து கையெழுத்துப் போடுவார்கள். ஆமாம், தவளையும் இருந்தது. அட்டவணையில் இருக்கிறது, நான் எழுதிய அட்டவணை இல்லை. நான் ஒரு குழந்தையையும் அழுத்தவில்லை. ஒரு சின்னவள், முட்டி இரண்டும் தானாகவே புத்தகம் திறப்பது போல விழுந்தன. அவள் அம்மா கைதட்டினாள். நான் என்ன செய்ய முடியும்?

இந்த இடுப்பை வைத்துக்கொண்டு துணி ஆலையில் பத்து மணி நேரம் நிற்க முடியாது எனக்கு. கடையிலும் நிற்க முடியாது. உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க விடுகிற ஒரே இடம் இதுதான். நல்ல விஷயத்தை எழுதும்போது இதை ஏன் இழுக்கிறாய்?

அறைக்கு வெப்பம் வருகிறதா?

ராடா


பிளவ்திவ்
மார்ச் 14

அக்கா,

வெப்பம் வருகிறது. சாக்ஸ் வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நான் உன் பக்கம்தான் நின்றேன். உண்மையாகவே. நீ நின்றால் வலிக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் பிப்ரவரி முழுக்க நீ எனக்கு என்ன எழுதினாய்? கோடு போடாமல் கை வைக்கக் கூடாது என்று எழுதியது நீதான். வாயைத் திற என்று எழுதியது நீதான். நான் திறந்தேன். பதிமூன்று வருடத்தை ஒரு நடைபாதையில் விட்டுவிட்டு வந்தேன். செப்டம்பரில் என் இடத்தில் வேறொருத்தி வளையம் பிடிப்பாள், நான் அதை ஊன்றுகோலோடு டிவியில் பார்ப்பேன். உன்மேல் கோபம் இல்லை. நீ சொன்னது சரி. சரியாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

டொன்கா மேடத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமும் இல்லை. பெல்செவ் அளக்கவில்லை. நீ அளந்தாய். பதினேழு, பதினாலு என்று தெரிந்த பிறகு ஐம்பத்து மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்தாய். அந்தப் புத்தகம் திறந்த குழந்தையை உன் கையாலேயே குறித்துக்கொண்டாய்.

தலைமைப் பயிற்சியாளனிடம் சண்டை போடச் சொல்லவில்லை. வேலையை விடச் சொல்லவில்லை. சனிக்கிழமை பெற்றோர் வரும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல். முட்டி இப்படி விழுந்தால் முதலில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள் என்று. எடுத்த பிறகு கிண்ணம் ஆழமாக இருந்தால் ஆடட்டும், பறக்கட்டும், மெடல் வாங்கட்டும். நான் ஆட வேண்டாம் என்று சொல்கிற ஆளா?

சொல்வாயா? அதை மட்டும் எழுது.

பிலி


பிளவ்திவ்
மார்ச் 27

அக்கா,

சனிக்கிழமை முடிந்து நாலு நாள் ஆகிவிட்டது. கிரெமெனா என் போனை மேடத்திடமிருந்து வாங்கி அனுப்பிவிட்டாள். உனக்கு ஆறு முறை அடித்தேன். அம்மா எடுத்தாள், "அக்கா குளிக்கறா" என்றாள். அப்புறம், "அக்கா தூங்கறா." நாலாவது தடவை, "ஏன்டி அவளைப் போட்டு இப்படிப் படுத்தறே" என்றாள்.

சொன்னாயா, சொல்லவில்லையா?

பிலி


பிளவ்திவ்
ஏப்ரல் 9

அக்கா,

நாளைக் காலை எட்டு மணிக்கு எனக்கு ஆபரேஷன். அம்மா இங்கே இருக்கிறாள். நீ வராததற்கு உனக்குக் காய்ச்சல் என்கிறாள். இருக்கலாம். ஹகோப்யான் மறுபடியும் கோடு போட்டுக் காட்டினாள், எவ்வளவு திருப்புவாள், எங்கே திருகாணி வரும் என்று. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் இது வேறு மாதிரிப் பயம், என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்த பயம். ஏனோ குதிக்கப் போகிற மாதிரி இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டு ஒரு வழியாக விஷயத்தை வாங்கிவிட்டேன். நீ சொல்லவில்லை. ஒன்பது குழந்தைகளின் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து பயிற்சி.

போகட்டும். உன்னால் முடியவில்லை. நான் உன்னைத் திட்டவில்லை, எனக்கு நேரம் இல்லை. ஹகோப்யானிடம் பேசிவிட்டேன். ஒன்பது குழந்தைகளையும் அவளே பார்க்கிறேன் என்கிறாள், படமும் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்கிறாள். வீட்டுக்கு வீடு போன் பண்ணுவது நான். படுத்துக்கொண்டே பண்ணலாம். நீ யாரோடும் பேச வேண்டாம். உன் பெயர் எங்கும் வராது.

பட்டியல் உன் மேசை இழுப்பறையில் இருக்கும். ஒன்பது பெயர், ஒன்பது போன் நம்பர். அந்தப் புத்தகம் திறந்த சின்னவளின் பெயரை முதலில் எழுது.

அனுப்பு, அக்கா.

பிலி